சுவரில் ஓட்டை போடக் கூடாத வீட்டுக்கு ஒரு வைஃபை கார்டு

எட்டு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த சூட்டில் வரும் புகழ்ச்சியும் இதில் இருக்காது, முதல் நாள் எரிச்சலும் இருக்காது. இன்டெலின் ஏஎக்ஸ்210 மாட்யூலை வைத்துச் செய்த பிசிஐஇ வைஃபை கார்டு, அதாவது டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மதர்போர்டு ஸ்லாட்டில் செருகுவது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பில்லோடு 2,350 ரூபாய். கார்டின் மேல் ஒரு பிராண்டின் பெயர் அச்சாகியிருக்கிறது, அதைச் சொல்லப்போவதில்லை. சொல்லியும் பயனில்லை, ஏனென்றால் அந்தப் பச்சைப் பலகை வெறும் தாங்கிதான். வேலை செய்வது அதன் மேல் கட்டைவிரல் அளவில் உட்கார்ந்திருக்கும் மாட்யூல். இதே மாட்யூலைப் பல பெயர்களில், பல பெட்டிகளில், ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் விற்கிறார்கள்.

எதற்கு வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு. ஃபைபர் இணைப்பும் ரூட்டரும் ஹாலில், வாசல் பக்கம். என் மேசையும் கம்ப்யூட்டரும் உள்ளே படுக்கையறையில். நடுவில் ஒரு செங்கல் சுவர், அந்தச் சுவரோடு ஒட்டி ஒரு இரும்பு பீரோ. லேன் கேபிள் இழுத்துவிட்டால் கதை முடிந்தது, எந்தக் கார்டும் தேவையில்லை, இன்றைக்கும் என்னைக் கேட்டால் கேபிள்தான் முதல் பதில். ஆனால் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "காலண்டர் மாட்டவே நான் ஆணி அடிக்க விடமாட்டேன் தம்பி, உனக்கு ஓட்டையா?" என்று சொல்லிவிட்டார். சரி என்று தரையோரமாக இழுத்துப் பார்த்தேன். படுக்கையறைக் கதவு முழுசாக மூடவில்லை, ஒரே வாரத்தில் மகள் இரண்டு முறை தடுக்கி விழுந்தாள், மனைவி கேபிளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் செய்த தப்பு, எல்லாரும் செய்வதுதான். நகத்தளவு யுஎஸ்பி டோங்கிள் ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு வாங்கி கேபினட்டின் பின்பக்கம் செருகினேன். நெட் வந்தது. யூடியூப் ஓடியது. ஆனால் ஆபீஸ் வீடியோ காலில் நான் பேசும்போது மட்டும் எதிரில் இருப்பவர்களுக்கு நான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டிருக்கிறது. இருநூறு எம்பிபிஎஸ் பிளானில் டோங்கிளுக்கு எண்பது வந்தால் அன்றைக்கு நல்ல நாள். நியாயமாகப் பார்த்தால் டோங்கிளைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளே ஒரே ஒரு ஆன்டெனா, அதுவும் நகத்தளவு, இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி. பக்கத்துப் போர்ட்டிலேயே யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். இந்த யுஎஸ்பி 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று 2012-லேயே இன்டெல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் திடீர் திடீரென்று திக்குவதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம், மவுஸை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஆக, ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் போய் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். முதல் கடையில் கேட்டதும் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார், மேலே பெரிய எழுத்தில் ஏஎக்ஸ்5400 என்று இருந்தது. "சார், 5400 ஸ்பீடு சார், உங்க வீட்ல எந்தப் பிளான் போட்டாலும் தாங்கும்." இந்த 5400 எப்படி வருகிறது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்க்கும் பழக்கமே போய்விடும். 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2402 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402, 2.4 கிகாஹெர்ட்ஸில் 574. மூன்றையும் கூட்டினால் 5378, அதை மேலே தள்ளி 5400 ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் இந்த மூன்றில் ஒன்றில்தான் இணையும். வீட்டிலிருந்து பீச்சுக்கு பஸ், ஆட்டோ, பைக் மூன்றிலும் போகலாம் என்பதற்காக மூன்றின் வேகத்தையும் கூட்டிச் சொல்வது மாதிரி. அதே கணக்குதான் ஏஎக்ஸ்3000-க்கும்: 2402-உம் 574-உம்.

அந்த 2402-ம் கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் திரையில் தெரியும் இணைப்பு வேகம் மட்டும்தான். பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் 80 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும், அப்போது உச்சம் 1201. கையில் கிடைப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இது போதாதா என்றால் தாராளமாகப் போதும், எனக்கு இருநூறுதானே பிளான்.

இரண்டாவது கடையில்தான் ஆள் விஷயம் தெரிந்தவர். நான் கேட்கும் முன்பே, "போர்டு என்ன அண்ணே, இன்டெலா ஏஎம்டியா?" என்றார். மதர்போர்டு எந்த ரகம் என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் கடைக்காரரை நம்பலாம். இன்டெலில் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று மாட்யூல்கள் உண்டு, பார்க்க ஏஎக்ஸ்210 போலவே இருக்கும், விலையும் குறைவு, எண்ணிலும் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அவை சிஎன்விஐ வகை. அதாவது வைஃபை வேலையில் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும், மாட்யூலில் ரேடியோ பகுதி மட்டும்தான். லேப்டாப்பிலிருந்து கழற்றிய 211 ஒன்றை யாராவது முந்நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால், ஏஎம்டி போர்டில் அது உயிர் பெறாது, இன்டெல் போர்டிலும் பிசிஐஇ தாங்கியில் வைத்துச் செருகினால் உயிர் பெறாது. போன வருடம் நண்பர் ஒருவர் இப்படித்தான் 211-ஐ வாங்கி, கார்டு பழுது, ஸ்லாட் பழுது, போர்டு பழுது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டார். கார்டிலும் பழுதில்லை, போர்டிலும் பழுதில்லை. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழு மாட்யூல்கள், எதில் போட்டாலும் ஓடும். அதனால் கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, மாட்யூலின் ஸ்டிக்கரில் என்ன எண் இருக்கிறது என்று போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வெப்பத் தகடு மூடியிருந்தால் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்.

பில் போடாமல் என்றால் இருநூறு குறைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பின்னால் அந்தப் பில் ஒரு தடவை உதவியது, அதற்கு வருகிறேன்.

மாட்டும் கதை. என் கம்ப்யூட்டர்ப் பெட்டி 2019-இல் அசெம்பிள் செய்தது, பி450 சிப்செட் போர்டு, சின்ன அளவு. மூன்று ஸ்லாட்: மேலே நீளமானது, அதில் கிராபிக்ஸ் கார்டு. அதற்குக் கீழே குட்டையான எக்ஸ்1, அதாவது ஒரே ஒரு தரவுப் பாதை உள்ளது. அடியில் இன்னொரு நீளமானது. வைஃபை கார்டு எக்ஸ்1 என்பதால் குட்டை ஸ்லாட்டில் போடலாம் என்று மனதில் கணக்குப் போட்டிருந்தேன், பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் அந்த ஸ்லாட்டையே காணோம். கிராபிக்ஸ் கார்டின் இரட்டை விசிறி அதன் மேல் குடை பிடித்திருந்தது. இது பலருக்கும் நடப்பதுதான், வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. பயப்பட வேண்டாம், எக்ஸ்1 கார்டு நீளமான எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் உட்காரும். ஒரு ஓரம் மட்டும் நிரம்பும், மிச்சம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். அடி ஸ்லாட்டில் போட்டேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில போர்டுகளில் அடி ஸ்லாட்டும், எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டில் செருகும் எஸ்எஸ்டியின் இடமும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்றைப் போட்டால் மற்றது அணைந்துவிடும். மதர்போர்டின் கையேட்டில் ஸ்லாட் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். எஸ்எஸ்டியைக் காணவில்லை என்று நள்ளிரவில் அலறுவதற்கு அந்தப் பொடி எழுத்து மேல்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஐந்து வருடமாக எதுவும் செருகாத ஸ்லாட், சென்னைக் காற்றின் உப்பும் தூசியும் அதில் குடியிருந்தது. பிரஷ் வைத்துத் தட்டினேன். கார்டின் தங்க நிறப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், ரேம் கழற்றி மாட்டும்போது செய்கிற அதே வைத்தியம்தான். பின்பக்கத் தகடு இந்த மலிவுக் கேபினட்டில் ஸ்க்ரூ போட்டதல்ல, தகரத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஒடிக்க வேண்டிய வகை. ஒடித்தேன், விரலில் ஒரு கீறல். கார்டு "டிக்" என்று உட்கார்ந்தது. ஒரு ஸ்க்ரூ. ஐந்து நிமிட வேலை.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தோடு பெட்டியை மூடியவர்கள்தான், ப்ளூடூத் வரவில்லை என்று ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கார்டோடு ஒரு மெல்லிய வயர் வரும், பலர் அது எதற்கென்று தெரியாமல் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். இந்த மாட்யூலில் வைஃபை பிசிஐஇ வழியாகப் பேசும், ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகப் பேசும். லேப்டாப்பின் எம்.2 இடத்தில் இரண்டு பாதையும் சேர்ந்தே வந்துவிடும். டெஸ்க்டாப்பின் பிசிஐஇ ஸ்லாட்டில் யுஎஸ்பி பாதை கிடையாது. ஆகவே அந்த வயரை கார்டிலிருந்து எடுத்து மதர்போர்டில் இருக்கும் யுஎஸ்பி 2.0 ஊசிக் கூட்டத்தில் செருக வேண்டும். இரண்டு வரிசையாக ஒன்பது ஊசி, ஒரு மூலையில் பத்தாவது இருக்காது, பெரும்பாலும் போர்டின் அடி ஓரத்தில் இருக்கும். பிளக் ஒன்பது ஓட்டை உள்ளதாக இருந்தால் தலைகீழாகச் செருக முடியாது. ஒரே வரிசை பிளக்காக இருந்தால் முடியும், அங்கேதான் ஆபத்து. ஒரு முனையில் ஐந்து வோல்ட், மறு முனையில் எர்த். மாற்றிச் செருகினால் கார்டையோ போர்டையோ மறந்துவிடலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, போர்டில் அச்சடித்த எழுத்தைப் பார்த்துச் செருகுங்கள்.

என் போர்டில் இரண்டு ஊசிக் கூட்டம் இருந்தது, ஒன்று கேபினட் முன்பக்கப் போர்ட்டுகளுக்குப் போயிருந்தது, ஒன்று காலி. சின்னப் போர்டுகளில் சில சமயம் ஒன்றுதான் இருக்கும். அப்போது உள்ளே வைக்கும் சின்ன யுஎஸ்பி ஹப் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முன்பு ப்ளூடூத் டோங்கிள் செருகியிருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள், விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத்தைத்தான் வைத்துக்கொள்ளும், இரண்டு இருந்தால் இரண்டும் சண்டை போட்டு ஹெட்போனை நடுத்தெருவில் விட்டுவிடும்.

டிரைவர். வைஃபை கார்டுக்கு டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை கார்டு வேண்டும். கோழியா முட்டையா என்று உட்கார வேண்டியதில்லை. போனை யுஎஸ்பி வயரில் செருகி, யுஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதை லேன் போலவே எடுத்துக்கொள்ளும். இன்டெல் தளத்தில் வைஃபைக்கு ஒரு டிரைவர், ப்ளூடூத்துக்கு வேறொரு டிரைவர், இரண்டும் தனித்தனிக் கோப்பு. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றைக் காணோம் என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் வந்த குட்டி சிடியைப் பற்றி என்ன சொல்ல. சிடி டிரைவ் வைத்து யார் கேபினட் வாங்குகிறார்கள் இப்போது? டீ டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறேன். லினக்ஸ் ஆட்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, கர்னல் 5.10-லிருந்து ஏஎக்ஸ்210 தெரியும், ஃபர்ம்வேர் தொகுப்பு இருந்தால் செருகியவுடன் வரும். உபுண்டுவில் நான் எதையுமே நிறுவவில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை அணைத்துவிடுவது நல்லது. அது பெட்டியை முழுசாக அணைக்காமல் அரைத் தூக்கத்தில் வைத்துவிடும், அப்புறம் லினக்ஸ் எழுந்து கார்டைத் தட்டினால் கதவு திறக்காமல் போகலாம்.

இப்போது என் கார்டின் குறை. முதல் நாள் இணைப்பு வேகம் 600-ஐத் தாண்டவே இல்லை. ரூட்டரைப் படுக்கையறைக்கே தூக்கிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தேன், அப்போதும் 600. 80 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா சேர்ந்து 1201 என்றால் ஒன்று மட்டும் என்றால் சரியாக அதில் பாதி. சந்தேகம் வந்து கார்டைக் கழற்றிப் பார்த்தேன். மாட்யூலிலிருந்து பின்பக்கத் தகட்டுக்குப் போகும் இரண்டு பொடி வயரில் ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்தது. கடுகளவு வட்ட முனை அது. தொழிற்சாலையில் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. நகத்தால் நேராக வைத்து அழுத்தினால் "டக்" என்று விழும், கோணலாக அழுத்தினால் முனை நசுங்கிவிடும். எனக்கு மூன்றாவது முறை விழுந்தது, உடனே 1201. இரண்டு வாரத்தில் திரும்பவும் 600-க்கு இறங்கியது. இந்த முறை பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வேறு கார்டு எடுத்துக் கொடுத்தார், என் கண் முன்னாலேயே இரண்டு முனையையும் அழுத்திப் பார்த்துவிட்டு. அதிலிருந்து இன்று வரை கழலவில்லை. மாட்யூலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன், இந்தத் தாங்கிப் பலகையைச் செய்தவர்களுக்குப் பாதிதான்.

அடுத்தது ஆன்டெனா. என்னைக் கேட்டால் கார்டை விட முக்கியம் இதுதான். கார்டோடு இரண்டு குச்சி ஆன்டெனா வந்தது, பின்பக்கத்தில் திருகுவது. திருகினேன். இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேசைக்கு அடியில் இரும்புக் கேபினட், அதன் முதுகில் இரண்டு குச்சி, நாலு விரல் தள்ளி சுவர், பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க், எச்டிஎம்ஐ வயர், பவர் வயர் என்று ஒரு புதர். சிக்னல் ரூட்டரிலிருந்து சுவரையும் பீரோவையும் தாண்டி வந்து கடைசியில் இந்தப் புதருக்குள் நுழைய வேண்டும். ரூட்டரில் வயர் போட்ட பழைய லேப்டாப் ஒன்றை வைத்து, வீட்டுக்குள் ஓடும் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப் என்ற மென்பொருளில் அளந்தேன். இருநூறு எம்பிபிஎஸ் பிளானை நம்பி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினால் கார்டின் வேகம் தெரியாது, பிளானின் வேகம்தான் தெரியும். டோங்கிளில் 80. கார்டில், குச்சிகள் பின்னால் இருக்கும்போது 290 முதல் 320 வரை. அப்புறம் காந்த அடி வைத்த ஆன்டெனா ஒன்று, ஒரு மீட்டர் வயரோடு, 450 ரூபாய்க்கு வாங்கி, பின்னால் திருகி, ஆன்டெனாவை மேசை மேலே கொண்டுவந்து மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். 530. எதையும் மாற்றவில்லை, அதே கார்டு, அதே ரூட்டர், அதே பீரோ. ஆன்டெனாவை முதுகிலிருந்து மேசைக்கு ஏற்றியது ஒன்றுதான். மனைவியை எப்படியோ சம்மதிக்க வைத்து பீரோவை ஒரு முழம் நகர்த்தியதில் 600-ஐத் தொட்டது. பீரோவைத் திரும்ப பழைய இடத்துக்கே நகர்த்தச் சொல்லிவிட்டாள், புது இடத்தில் ஜன்னல் மறைகிறதாம். 530-லேயே இருக்கிறேன்.

தனியாக ஆன்டெனா வாங்கும்போது ஆர்பி-எஸ்எம்ஏ என்று கேட்டு வாங்குங்கள். வெறும் எஸ்எம்ஏ-வும் அதே மரை, திருகினால் அழகாக ஏறும், ஆனால் நடு ஊசி இரண்டு பக்கத்திலும் இருந்து முட்டிக்கொள்ளும். காந்த அடி சேர்த்தே வரும் கார்டுகளும் உண்டு, விலை கொஞ்சம் கூட. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் எனக்கு ஒரு மெட்ரோ டிக்கெட் மிச்சம். ஆன்டெனா இல்லாமல் ப்ளூடூத் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். குச்சி இல்லாவிட்டால் மேசையிலிருந்து கட்டிலுக்குப் போவதற்குள் பாட்டு அறுந்துவிடும்.

தினசரி அனுபவம். வீடியோ கால் கிணற்றிலிருந்து மேலே வந்துவிட்டது. ரூட்டருக்குப் பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், இரண்டு முதல் நான்கு மில்லிசெகண்டு, எப்போதாவது ஒரு முறை முப்பதுக்குத் துள்ளும். விளையாட்டுக்கு உயிரைக் கொடுப்பவர்களுக்கு அந்தத் துள்ளல் எரிச்சலாக இருக்கும், அவர்கள் ஹவுஸ் ஓனரிடம் இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம். ஒரே ஒரு தொல்லை, ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் சில நாள் வைஃபை எழ அரை நிமிடம் எடுத்தது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டதும் சரியானது. 160 மெகாஹெர்ட்ஸையும் ஆசைக்கு ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவு அகலம் வேண்டுமானால் ரேடாருக்கும் பங்குள்ள சேனல்களைத் தொடாமல் முடியாது. ரூட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் அந்தச் சேனலைத் திறக்கும். கரண்ட் போய் வரும் ஏரியாவில் அந்த ஒரு நிமிடம் பெரிய நிமிடம். 80-க்கே திரும்பிவிட்டேன்.

6 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதே, அதற்காகத்தானே இந்தக் கார்டை வைஃபை 6இ ரகம் என்கிறார்கள் என்று கேட்பீர்கள். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளை 2025 மே மாதம்தான் மத்திய அரசு வெளியிட்டது. என் ரூட்டர் 6 கிகாஹெர்ட்ஸ் அறியாத பழைய வைஃபை 6 ரகம், ஆகவே கார்டின் அந்தப் பகுதி எட்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-இல் 6 கிகாஹெர்ட்ஸ் வராது, 11 வேண்டும், அதுவும் நினைவிருக்கட்டும். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசம் என்றால் 210-ஐ எடுங்கள், ஐந்நூறு அறுநூறு குறைவாக, 6 கிகாஹெர்ட்ஸ் இல்லாத ஏஎக்ஸ்200 கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு மிச்சக் காசில் நல்ல ஆன்டெனா வாங்குங்கள். வைஃபை 7 கார்டு பக்கம் போகிறவர்கள், முக்கியமாக ஏஎம்டி போர்டுக்காரர்கள், இன்டெலின் பிஇ200 உங்கள் போர்டில் ஓடுகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஓடவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

கார்டு மாட்டும் அந்தச் சனிக்கிழமை ராத்திரி பழைய ஞாபகமெல்லாம் வந்தது. காலேஜ் நாட்களில் ஹாஸ்டலில் ரியல்டெக் 8139 சிப் வைத்த லேன் கார்டு ஒன்றை வெள்ளை பிசிஐ ஸ்லாட்டில் மாட்டித்தான் பக்கத்து அறையோடு படம் பரிமாறினோம். அந்தக் கார்டு ஒருத்தன் பெட்டியிலிருந்து இன்னொருத்தன் பெட்டிக்குத் தாவிக்கொண்டே இருக்கும், கடைசியில் யாருடையது என்றே தெரியாது. அப்புறம் டிவி ட்யூனர் கார்டு. கேபிள் டிவி வயரை சிபியுவின் முதுகில் செருகி, மானிட்டரில் கிரிக்கெட் பார்த்த தலைமுறை நாங்கள். அப்போதும் எல்லாருக்கும் வந்த சந்தேகம் ஒன்றுதான்: படம் வருகிறது, சத்தம் ஏன் வரவில்லை? ட்யூனரிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு குட்டி வயர் போட வேண்டும், அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இன்றைக்கு ப்ளூடூத் வயர்.

இதே சூட்டில் யுஎஸ்பி 3.0 கார்டு ஒன்றையும் அப்பாவின் பழைய கம்ப்யூட்டருக்கு வாங்கினேன், அதைப் பற்றி இரண்டு வரி. எக்ஸ்1, நான்கு போர்ட், 900 ரூபாய். பிசிஐஇ 2.0 எக்ஸ்1 பாதையில் நொடிக்கு 500 எம்பிதான் போகும், நான்கு போர்ட்டும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போட்டோ நகலெடுக்கும் அப்பாவுக்கு அது ராஜபோகம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஒரு பவர் வயர் கேட்கும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வயரைச் செருகாமல் விட்டால் பென் டிரைவ் ஓடும், ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று அழும்.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, என்கிட்ட எச்61 போர்டு, 2012-ல வாங்கினது, அதுல இந்தக் கார்டு ஓடுமா, இல்ல புதுசா பெட்டியே வாங்கணுமா?" ஓடும் என்றேன். அந்தப் போர்டின் குட்டை ஸ்லாட்டும் பிசிஐஇ 2.0தான், வீட்டு வைஃபைக்கு அது தாராளம். பெட்டியைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டு எந்த ஸ்லாட்டை மறைக்கிறது, யுஎஸ்பி ஊசிக் கூட்டம் காலியாக இருக்கிறதா, இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். ஊசிக் கூட்டம் காலி, ஸ்லாட் காலி. அதன் மேல் ஒரு பல்லி மட்டும் செத்துக் காய்ந்திருந்தது, அதைத் தட்டிவிட்டு வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.